ரப்பர் ஸ்டாம்பும் மாமாவின் வால்வும்

கரண்ட் போனதும் முதலில் அடங்கியது கம்ப்ரஸர். கிளினிக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க உறுமுகிற ஜந்து அது. அடுத்து ஏ.சி. பிறகு ஃபேன், ஒரு சுற்று, அரைச் சுற்று என்று மனசில்லாமல் நின்றது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த வரிசை மனப்பாடம்.

அன்று வரிசை முடிந்த பிறகும் ஒரு சத்தம் பாக்கி இருந்தது.

டிக். டிக். டிக்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பத்தேகாலில் நின்று மாசக்கணக்காகிறது. நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதில் வாயைப் பிளந்து படுத்திருந்த கோதண்டம் மாமாவின் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

கோதண்டம் மாமா என் அம்மாவின் தம்பி. சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு குறிஞ்சிப்பாடியில். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அவர் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அதுதான் டிக் டிக். "ராத்திரி ஃபேன நிறுத்துனா ஒங்க மாமா கேக்கறாரும்மா" என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பல்லைப் பிடுங்கும்போது ஈறில் குடியிருக்கும் கிருமிகளில் கொஞ்சம் ரத்தத்தில் இறங்கும். உங்களுக்கும் எனக்கும் அது பெரிய விஷயமில்லை, உடம்பே துடைத்துப் போட்டுவிடும். செயற்கை வால்வு வைத்தவருக்கு அப்படியில்லை. கிருமி அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டால் ஆளையே கொண்டுபோய்விடலாம். அதனால் பல்லைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் உடம்புக்குள் ஆன்டிபயாட்டிக் போயிருக்க வேண்டும். பின்பு அல்ல, முன்பு.

மாமாவுக்குப் போயிருக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. என் கையில் குறடு இருந்தது. அதற்கும் மாமாவின் பல்லுக்கும் நடுவே அரை விரற்கடை தூரம் இருந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத பாடமல்ல. அதற்குச் சரியாக ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், இதே கேள்விக்குச் சரியான விடையை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

சொந்தத்துக்குக் கேஸ் ஷீட் கிடையாது

என் கிளினிக்குக்கு இரண்டு வழி. முன்வழி நோயாளிகளுக்கு. அவர்கள் செருப்பைக் கழற்றி, டோக்கன் வாங்கி, ஸ்டெல்லா நீட்டும் கேஸ் ஷீட்டை நிரப்ப வேண்டும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதய நோய் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, தினசரி என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ஸ்டெல்லா என் உதவியாளர். கிளினிக் திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆளை உள்ளே விடமாட்டாள்.

பின்வழி சொந்தக்காரர்களுக்கு. கம்ப்ரஸரைத் தாண்டி, செருப்போடு, கையில் பலாச்சுளையோ முருங்கைக்காயோ கொண்ட பையோடு நேரே நாற்காலிக்கே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு டோக்கனும் கிடையாது, கேஸ் ஷீட்டும் கிடையாது.

ஆரம்பத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். தூரத்துச் சின்னம்மா ஒருவரிடம், "சக்கர இருக்கா சின்னம்மா?" என்றேன். "எனக்குச் சக்கர இருக்குன்னு எவடி ஒங்கிட்ட சொன்னா? அவளத்தானே கேக்கறேன், எவ?" என்று எழுந்து போனவர், இரண்டு வருஷம் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. எழுதி வைத்துக் கேட்டால் சொந்தம் அறுந்துபோகும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். சொந்தக்காரர்களின் வியாதியெல்லாம்தான் நமக்குத் தெரியுமே! தெரிந்தது வேலை செய்யும் நேரத்தில் ஞாபகத்துக்கும் வரவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று வியாழக்கிழமை மத்தியானம். மாமா பின்வழியாக வந்தார். கையில் பலாச்சுளை.

"பாப்பா, ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல கல்யாணம். பொண்ணப் பெத்தவன் பந்தில ஒக்காந்து ஒரு பக்கமா மென்னுக்குனு இருந்தா நல்லாவா இருக்கும்? இத புடுங்கி உட்டுடு, ஒரு நிமிஷ வேல."

மாமாவின் கடைசிப் பெண்ணின் கல்யாணம் அது. மேல்வரிசைப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், ஒரு நிமிஷ வேலைதான். ஊசி போட்டேன். மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும்.

"கண்ண மூடிக்கினு படுங்க மாமா, வந்துடறேன்" என்று வெளியே வந்தேன். வெளியே எனக்காக ஒரு பரீட்சை காத்திருந்தது.

பதினாலாவது கேள்வி

அபிநயா என்று ஒரு பெண். பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள், அண்ணாமலை நகரில் ஹாஸ்டல். காலையிலிருந்து ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆன்டிபயாட்டிக் பற்றிப் பல் டாக்டர்களுக்கு என்ன தெரியும், அதை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. படிவத்தில் இருபது கேள்விகள்.

"பேரு எழுத வேணாம் மேடம். சீரியல் நம்பர் மட்டுந்தான். பத்து நிமிஷம் ஆவும்."

இந்தப் படிவம் எங்கள் ஊர் டாக்டர்களுக்குப் புதிதல்ல. போன வாரமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான் விடைகளை வட்டம் போட்டுப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். பெயரே கேட்காத பரீட்சையில் பிட் அடிக்கிற கூட்டம் உலகத்தில் எங்களை விட்டால் வேறு இருக்காது. நான் மட்டும் அந்தப் படத்தைத் திறக்கவில்லை. எனக்கு அந்த கர்வம் உண்டு.

கர்வத்தோடு எழுதினேன். சாதாரணப் பல் வலிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையா? தேவையில்லை. ஆரோக்கியமான ஒருவருக்குச் சாதாரணமாகப் பல் எடுத்த பிறகு தேவையா? தேவையில்லை. தேவையில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும், நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. கடகடவென்று போய்க்கொண்டே இருந்தேன்.

பதினாலாவது கேள்வி, செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்குப் பல் எடுப்பது பற்றி. ஆன்டிபயாட்டிக் எப்போது? நாலு விடைகள் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதைக் குறித்தேன்: ஒரு மணி நேரம் முன்பு, ஒரே தடவையாக. நாலாவது விடையை நான் படிக்கக்கூட இல்லை.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அபிநயா, "சூப்பர் மேடம். இதுலதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க" என்றாள்.

"இது தெரியாம எப்டிம்மா பல்லு புடுங்கறாங்க?" என்றேன் நான்.

இதைச் சொன்னபோது எனக்கும் மாமாவுக்கும் நடுவே ஒரு மரக் கதவுதான் இருந்தது. அதுவும் பாதி திறந்திருந்தது.

இருபதாவது கேள்வி மட்டும் வேறு ஜாதி. கடைசியாக நீங்கள் பல் எடுத்த பத்துப் பேரில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினீர்கள்? யோசித்து "இரண்டு" என்று எழுதினேன். பூஜ்யம் என்று எழுதினால் நம்பமாட்டார்கள். பெயர் கேட்காத படிவத்திலும் பொய் சொன்னேன்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் கரண்ட் போனது.

ஐந்து வரி ஸ்டாம்ப்

மாமா கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே இருக்கட்டும். வாய் மரத்துத்தான் இருக்கிறது. அந்த "இரண்டு" எப்படிப்பட்ட பொய் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

கிளினிக் ஆரம்பித்த புதிதில் ஒவ்வொருவருக்கும் மருந்துச் சீட்டைக் கையால்தான் எழுதினேன். ஒரு வருஷம் போனதும் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே சீட்டு. மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். ஏதோ வேலையாகச் சிதம்பரம் போயிருந்தபோது கீழ வீதியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடை கண்ணில் பட்டது. உள்ளே போய் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன்.

முதல் வரி, ஆன்டிபயாட்டிக், மூன்று வேளை, ஐந்து நாள். இரண்டாவது, முதல் மருந்துக்குத் தப்பும் கிருமிகளுக்காக இன்னொரு ஆன்டிபயாட்டிக். சாப்பிட்டால் வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கும். மூன்றாவது வலி மாத்திரை. நாலாவது, முதல் மூன்றும் வயிற்றில் செய்யும் கலாட்டாவுக்கு. ஐந்தாவது சத்து மாத்திரை, இந்த நாலையும் தின்று தீர்ப்பதற்குத் தெம்பு வேண்டாமா?

கடைக்காரர் படித்துப் பார்த்தார். "நடுவுல காலி எடம் உட வேணாங்களா? கையால எதுனா எழுதறதுக்கு? வருமானச் சான்றிதழ் ஸ்டாம்புக்கே காலி எடம் உடச் சொல்வாங்களே."

"வேணாங்க. எல்லாருக்கும் இதேதான்" என்றேன்.

வெட்கமில்லாமல் சொன்னேன். இந்த வரியை இப்போது எழுதும்போதுதான் காது சுடுகிறது.

ஊதா மை. கிளினிக்கில் மைப்பெட்டி காய்ந்தால் ஸ்டெல்லா தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பாள். பல் எடுத்தாலும் ஸ்டாம்ப், அடைத்தாலும் ஸ்டாம்ப். சுத்தம் செய்துகொண்டு போனவருக்குக்கூட ஸ்டாம்ப் குத்தியிருக்கிறோம். பல்லே இல்லாத ஒரு பெரியவர் பல் செட் மாட்டிக்கொள்ள வந்தார், அவர் சீட்டிலும் குத்திவிட்டாள். அவரும் கேள்வி கேட்காமல் ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு, செட்டு நன்றாகப் பொருந்திவிட்டது என்று வந்து சொன்னார்.

மாடிக்குக் கீழே மருந்துக்கடை. கடைக்காரர் ரஹீம் பாய் ஒருநாள் பெருமையாகச் சொன்னார்: "டாக்டரம்மா, ஒங்க சீட்ட நான் படிக்கறதே இல்ல. ஊதா கலர் தெரிஞ்சா கை தானா அந்த அஞ்சு டப்பாவுக்குப் போயிடுது."

அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

யாருக்கு யார்மேல் பயம்

படிக்காமல் இருந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. அண்ணாமலை நகரில் நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்புக்கு வகுப்பு கத்துவார். சீழ் இருந்தால் அதற்கு வழி பண்ணு, பல் கெட்டிருந்தால் பல்லைக் கவனி, மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு வேலை செய்துவிட்டதாக நினைக்காதே என்று. அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன். மார்க் வாங்கினதோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பிறகு ஏன் எழுதுகிறோம்? படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை. இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா தெரியாது, இங்கே சொல்கிறேன். பயம். கிருமிமேல் இல்லை, நோயாளிமேல். பல் எடுத்துக்கொண்டு போனவருக்கு நாளைக்குக் கன்னம் வீங்கினால் நேரே எதிர்ச்சாரி டாக்டரிடம் போய், "அந்தம்மா மாத்திரையே குடுக்கல சார்" என்பார். அவரும் உச்சுக் கொட்டி ஐந்து நாளைக்கு எழுதுவார். இரண்டு நாளில் தானாகவே வடிய வேண்டிய வீக்கம் வடிந்துவிடும். கைராசி அவருக்கு, கெட்ட பேர் எனக்கு. அந்த டாக்டருக்கும் என்மேல் இதே பயம் என்று பிறகு ஒரு கல்யாணத்தில் அவரே சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்ததில் பாதி கடலூர் மாத்திரை தின்றிருக்கிறது.

நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "பல்ல தொடாதீங்க டாக்டரம்மா, பவர் மாத்திர மட்டும் எழுதுங்க" என்பவர்கள் ஜாஸ்தி. முதுநகரிலிருந்து ஒரு அம்மா வருவார். இரண்டு நாள் சாப்பிட்டு வலி நின்றதும் மீதியைப் பூப்பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். மருமகளுக்கு இருமல் என்றால் அதிலிருந்து ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலில் ஆணி குத்தினால் இரண்டு. "ஒங்க மாத்திர எங்க தெருவுக்கே ஒத்துக்குது" என்று கும்பிட்டார். நான் நல்லா இருங்கம்மா என்றேன்.

பல் அங்கேயே இருந்தது

சரி, மாமாவிடம் வருவோம்.

ஏ.சி.க்காக ஜன்னலை அடைத்திருந்த அறையின் இருட்டில் குறட்டை டிரேயில் வைத்தேன். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் கரண்ட் இருந்திருந்தால் அந்தப் பல் என் குறட்டில் இருந்திருக்கும்.

"வாய மூடுங்க மாமா."

மாமா கண்ணைத் திறந்தார். மரத்த உதட்டோடு சிரித்தார். "ஆயிச்சா? தெரியவே இல்ல பாப்பா. இன்னா கைராசிடி ஒனக்கு!"

"இன்னும் எடுக்கல மாமா."

நாக்கால் துழாவிப் பார்த்தார். பல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. முகம் மாறியது.

"இன்னிக்கு எடுக்க முடியாது. ஒங்க வால்வு…"

"அது இருக்கறது நெஞ்சுல. வலிக்கறது வாயில. ரெண்டுக்கும் என்னா சம்மந்தம்?"

சொன்னேன். மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னொரு பயம் முளைத்தது. "மாமா, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு எதுனா மாத்திர சாப்புடறீங்களா?"

"தெனம் சாய்ங்காலம் ஒண்ணு. ஆபரேஷன் ஆன நாள்லேருந்து. நீ கேக்கவே இல்லியே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சோதிக்காமல் அவர் பல்லில் கை வைத்திருக்கவே கூடாது.

இருட்டில் தடவிக்கொண்டே ஸ்டெல்லா ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமாவோட சீட்டு ரெடி மேடம்." கேஸ் ஷீட் கிடையாதே தவிர, ஸ்டாம்புக்குச் சொந்தம், அந்நியம் என்ற பேதம் கிடையாது. வழக்கம்போல முன்கூட்டியே குத்தி வைத்திருந்தாள். அந்த ஐந்து வரியில் இரண்டாவதும் மூன்றாவதும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்குக் கண்டபடி கொடுக்கவே கூடாதவை. ரத்தம் நிற்காமல் கொட்டும். வாங்கி நாலாகக் கிழித்தேன். விரலெல்லாம் ஊதா.

கதவோரம் வெளிச்சம் தெரிந்தது. அபிநயா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"மேடம்… பதினாலாவது கேள்விக்குச் சரியாத்தானே எழுதினீங்க?" என்றாள். நக்கல் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

"கேள்வில வால்வுன்னு எழுதியிருந்துச்சும்மா. எங்க மாமா மேல எழுதியில்ல."

நாலே நாலு

புதுச்சேரியில் அவருடைய இதய டாக்டருக்கு அப்போதே போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். ரத்தப் பரிசோதனை எடுங்கள், அளவு சரியாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பு மருந்து கொடுத்துவிட்டு எடுங்கள், என்றார். கடைசியில், "நல்லவேளை, கேட்டுட்டு செய்றீங்க டாக்டர்" என்றார். ஆமாம் சார் என்றேன். அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பெண்ணைப் பெற்றவர் பந்தியில் ஒரு பக்கமாகவே மென்றார். ஏன் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், "அக்கா பொண்ணு டாக்டர்னு போனேன். ஊசி போட்டுட்டு பயந்துட்டா" என்றார். சக்கரைச் சின்னம்மாவும் வந்திருந்தார். "என்னாடி, எதிர்ச்சாரியில ஒருத்தரு நல்லா புடுங்கறாராமே?" என்று விசாரித்தார்.

அடுத்த புதன்கிழமை மாமா ரிசல்ட்டோடு வந்தார். பின்வழியாகத்தான் வந்தார். ஸ்டெல்லா கம்ப்ரஸர் பக்கத்திலேயே மறித்து, சுற்றிக்கொண்டு முன்வழியாக வரவைத்தாள். கேஸ் ஷீட்டை நீட்டினாள். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேட்டரி போட்டிருந்தோம். ஒவ்வொரு கட்டமாகக் கோபத்தோடு நிரப்பினார். பெயர் என்ற இடத்தில், "உன் மாமன்" என்று எழுதினார்.

நாலு ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல்களை அவர் உள்ளங்கையில் வைத்து, என் கண் முன்னாலேயே விழுங்கச் சொன்னேன். (இதைப் படித்துவிட்டு நீங்களாக நாலு விழுங்காதீர்கள். யாருக்கு, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் ஸ்டாம்ப் வைத்திருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.) பிறகு ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். டோக்கனோடு காத்திருந்த ஒரு அம்மா, "அவருக்கு மட்டும் மொதல்லியே நாலு குடுத்தீங்களே, எனக்கும் அதையே குடுங்க, சட்டுனு போயிடறேன்" என்று சண்டைக்கு வந்தார்.

பல் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. பஞ்சை நெடுநேரம் கடிக்க வைத்து, ரத்தம் நின்றதை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் எழச் சொன்னேன்.

மாமா எழவில்லை. "சீட்டு?"

"சீட்டு இல்ல மாமா. வலிச்சா சாப்பிட, ரத்தத்த ஒண்ணும் பண்ணாத சாதா வலி மாத்திர ஸ்டெல்லா குடுப்பா. அவ்ளோதான்."

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் அஞ்சு நாளைக்கு எழுதறே. பல்லே இல்லாதவனுக்குக்கூட எழுதினியாம். நெஞ்சத் தொறந்து மூடுன தாய்மாமனுக்கு ஒண்ணும் கெடையாதா?"

ஊரில் யாருக்கு அது நிஜமாகத் தேவையோ அவருக்கு நாலே நாலு போதும். தேவையே இல்லாதவர்களுக்குத்தான் இத்தனை வருஷம் கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறேன்.

அடுத்த ஒரு மாதம் தினமும் மாமாவுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் வருகிறதா, குளிருகிறதா என்று கேட்பேன். வால்வில் கிருமி ஒட்டியிருந்தால் அப்படித்தான் ஆரம்பிக்கும். பத்து நாளிலேயே மாமாவுக்கு அலுத்துவிட்டது. போனை எடுத்ததும் ஹலோ சொல்வதை விட்டுவிட்டு, "காச்சல் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த இரண்டு சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒரு திருத்தம்

ஸ்டாம்பைக் கெடிலம் ஆற்றில் வீசிவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீசவில்லை. ஸ்டெல்லா அதைத் திருப்பிப் பிடித்து, பிளேடால் ரப்பரைச் சீவிவிட்டாள். வலி மாத்திரை இருந்த மூன்றாவது வரியை மட்டும் விட்டுவைத்தாள். அதையும் சீட்டுக்குச் சீட்டு என்னைக் கேட்டுவிட்டுத்தான் குத்துகிறாள். ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றால் நான் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். கையால் எழுதுவதற்குள் வேண்டுமா என்று யோசனை வந்துவிடுகிறது. ரஹீம் பாய் மேலே ஏறி வந்து, "டாக்டரம்மா, எம்மேல எதுனா கோவமா?" என்று கேட்டார். நோயாளிகளில் சிலர் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் முழு மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து அபிநயா போனில் கூப்பிட்டாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். டாக்டர்களுக்கு விஷய ஞானம் திருப்திகரமாம், பயன்பாடும் பரவாயில்லையாம். நன்றி மேடம் என்றாள்.

"அபிநயா, அந்த இருபதாவது கேள்விக்கு நான் எழுதினது பொய். மாத்திக்கலாமா?"

"டேட்டா எல்லாம் க்ளோஸ் பண்ணிட்டோம் மேடம். ஒருத்தரோட பதில் மாறினா ரிசல்ட்டு ஒண்ணும் மாறிடாது."

பிறகு தயங்கிக் கேட்டாள், "மாமா எப்டி இருக்காரு மேடம்?"

"காச்சல் இல்ல" என்றேன்.

போனை வைத்ததும் ஸ்டெல்லாவிடம் பழைய ரிஜிஸ்டரைக் கேட்டேன். அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் பல் எடுத்துக்கொண்ட பத்துப் பேரின் கேஸ் ஷீட்டுகளைத் தேடி எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் நகலுக்காக ஸ்டாம்ப் குத்தியிருந்தது. எண்ணவே தேவைப்படவில்லை, மேஜை முழுக்க ஊதாவாக இருந்தது.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரை என்றைக்காவது உங்கள் கண்ணில் பட்டால், அதில் என் பெயர் இருக்காது. வெறும் ஒரு சீரியல் நம்பராக, எல்லாம் தெரிந்த டாக்டராக நான் உள்ளே இருப்பேன். இருபதாவது கேள்விக்கு நேரே இரண்டு என்று எழுதியிருப்பேன். அதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்றாவது, மாமாவின் சீட்டு; அன்று அதிலும் குத்தியாயிற்று. மை காய்வதற்குள் கரண்ட் போனது.